ஆறாம் மைலில் ஒரு பெயர்

இதை எழுதியவன் அவரைப் பார்த்திருக்கிறான்.

பெற்றீசியாவுக்கு முதலில் தோன்றியது அதுதான். மண்ணைத் துடைத்துக் கிடத்திய ஓர் இளைஞனின் முகத்தை யாரோ ஒருவன் குனிந்து பார்த்திருக்கிறான். சுற்றி நின்றவர்களிடம் பெயர் கேட்டிருக்கிறான். அப்படி ஒருவன் இருந்தான் என்பதே அவளுக்கு ஓர் ஆறுதலாக இருந்தது. கூடவே இரண்டாவது எண்ணம் ஒன்றும் வந்தது. அதை அவள் உள்ளே விடாமல் வாசலிலேயே நிற்க வைத்தாள்.

"முப்பத்தேழாவது பேர்லயே நின்னுட்டீங்க மிஸ்," என்றார் மேசைக்கு எதிரே இருந்த ஜனகன்.

"கண்ணாடி மாத்தணும் தம்பி. எழுத்து பொடிசா இருக்கு."

எழுத்து பொடிசாக இல்லை.

ஹட்டன் ரயில் நிலையத்துக்கு மேலே நாற்பது படி ஏறினால் வரும் அவள் வீட்டு முன்னறைக்கு ஆட்கள் காகிதத்தோடு வருவது புதிதல்ல. பெற்றீசியா முப்பத்தொரு வருடம் பிறப்பு இறப்புப் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவள். தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர் இருக்கும், அடையாள அட்டையில் ஒரு பெயர் இருக்கும், தோட்டக் குடியிருப்பான லயத்தில் கூப்பிட இன்னொரு பெயர் இருக்கும். மூன்றும் ஒரே ஆள்தானா என்று கண்டு சொல்ல மஸ்கெலியா வரைக்கும் அவளை விட்டால் ஆள் இல்லை.

பல்கலைக்கழகத்தில் பொருளாதார வரலாறு படிப்பிக்கும் ஜனகன் கொண்டு வந்திருந்தது மாதா கோயிலின் பழைய ஞானஸ்நானப் புத்தகம். முன்பாதியில் நூற்றிருபது வருடத்துக்கு முந்திய குழந்தைகள். பின்பாதியில், கிளென்வார்த் ரயில்வே கம்பெனி மலைக்குள் கிளைப்பாதை போட்ட 1901 முதல் 1903 வரையான காலத்தில் இறந்த அறுபத்தொரு கூலியாட்களின் அடக்கக் குறிப்புகள். ஒவ்வொன்றின் கீழும், சாமியாருக்குத் துணையாக அடக்கம் செய்து வைக்கும் 'உபதேசியார்' என்று மட்டும் ஒப்பம்.

முப்பத்தேழாவது குறிப்பு இப்படி இருந்தது: 'அழகன். வயது சுமார் இருபத்துநாலு. ஆறாம் மைல் பாறை வெட்டில் மண் சரிந்து. மனைவியும் ஓர் ஆண்பிள்ளையும் உண்டு.'

"கோயில் ஆபீஸ் ஜூட்சன்தான் சாமான் அறை அலமாரியில கண்டெடுத்தாரு," என்றார் ஜனகன். "கம்பெனியோட ஆண்டறிக்கையில நாலே நாலு சாவுதான் இருக்கு. இது உண்மைன்னா அந்தக் கம்பெனியப் பத்தி இதுவரைக்கும் எழுதினது எல்லாத்தையும் திருப்பி எழுதணும்."

பெற்றீசியாவின் தோளுக்கு மேலாக ஒரு மூக்கு புத்தகத்தை மோந்து பார்த்தது. பஜாரில் காகிதக்கடை வைத்திருக்கும் ஜெயலெட்சுமி. பெற்றீசியாவுக்கு ஒரு விசாரணை வந்திருக்கிறது என்றால் கடையைச் சாத்திவிட்டு வந்துவிடுவாள்.

"தாள் பழசுதான். இப்படி நாரு வச்ச தாள் எங்க மாமனார் காலத்தோட நின்னு போச்சு. மையும் தூளைக் கரைச்ச மை."

"அலமாரியில மைத்தூள் டப்பாகூட ரெண்டு கிடந்திச்சு," என்றார் ஜனகன்.

"பேரெல்லாம் அப்படியே நம்மாளுங்க பேரு. கருப்பன், இராமையா, வீரன்... அட, சிதம்பரநாதனா! எங்க தாத்தா பேருல ஒருத்தர் மண்ணு வெட்டியிருக்காரு பாரு பெற்றி. தாத்தா கேட்டிருந்தா வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு சண்டைக்கு வந்திருப்பாரு. ஆயுசுல முழக்கோலத் தவிர எதையும் தூக்காத மனுசன்."

ஜனகன் சிரித்தார். பெற்றீசியா சிரிக்கவில்லை. அந்தப் பெயரின் மேல் அவள் விரல் ஒரு கணம் நின்று நகர்ந்தது.

"என்கிட்ட என்ன எதிர்பாக்குறீங்க தம்பி?"

"சனிக்கிழமை நுவரெலியாவில கூட்டம். ஆறாம் மைல்ல ஒரு நினைவுக்கல் வைக்கப் போறாங்க. கல்லுல என்ன எழுதுறதுன்னு அன்னைக்குத்தான் முடிவு. 'இந்த மலைநாட்டைத் திறந்துவிட்ட பாதை'ன்னு எழுதணும்னு கொழும்புப் பேராசிரியர் ஒருத்தர் சொல்றாரு. நான் இந்த அறுபத்தொரு பேரையும் வெட்டணும்னு சொல்றேன். இது மூலப் பதிவுதான்னு ஒரு பழைய பதிவாளர் எழுதிக் கையெழுத்துப் போட்டா யாரும் வாய் திறக்க மாட்டாங்க."

"உங்க ஆளுங்களுக்குள்ள ரயில் நல்லதா கெட்டதான்னு இன்னும் முடியலையா?" என்றாள் ஜெயலெட்சுமி.

"எங்க முடியுது? ஒரு கூட்டம் மாட்டுவண்டிக் கூலியையும் ரயில் கூலியையும் வச்சுப் பாக்கும். ரயிலே வராம இருந்திருந்தா எத்தனை தோட்டம் திறந்திருக்காது, ஹட்டன் மாதிரி எத்தனை டவுன் உண்டாகியிருக்காதுன்னு கற்பனை பண்ணி, வித்தியாசத்தக் கம்பெனிக்குப் புகழாச் சேர்க்கும். இன்னொரு கூட்டம் லாபம் எந்த ஊருக்குப் போச்சு, பாரம் யார் தலையில விழுந்திச்சுன்னு கேக்கும். ரெண்டு கூட்டமும் வாசிக்கிறது அதே ஆண்டறிக்கையத்தான். அதுதான் மிஸ் பிரச்சினை. செத்தவங்க எழுதி வச்ச தாள் எங்ககிட்ட இல்ல."

ரயிலே வராமல் இருந்திருந்தால். அப்படிக் கற்பனை செய்வது பெரிய படிப்பு என்று பெற்றீசியாவுக்கு இதுவரை தெரியாது. அவள் சிறு வயதிலிருந்தே செய்து வந்ததுதான். ரயில் வராமல் இருந்திருந்தால் ஒருவன் அன்று சாயங்காலம் லயத்துக்குத் திரும்பியிருப்பான். குனிந்து வாசலுக்குள் நுழைந்திருப்பான். அதற்கு மேல் அவளால் பார்க்க முடிந்ததில்லை.

"வெள்ளிக்கிழமை சொல்றேன். புத்தகம் இங்க இருக்கட்டும்."

ஜனகன் படியிறங்கிய பிறகு ஜெயலெட்சுமி கதவைச் சாத்தினாள்.

"முப்பத்தேழு உங்க ஆளா பெற்றி? முகமே மாறிப் போச்சே."

"எங்க பூட்டன், தாத்தாவோட அப்பா, ரயில் லைன் வேலையிலதான் செத்தாரு. தாத்தாவுக்கு அப்போ ரெண்டு வயசு. பேர் தெரியாது."

"பேர் எப்படித் தெரியாமப் போகும்?"

"பூட்டி புருசன் பேரை வாயால சொல்ல மாட்டாங்க. செத்த பிறகும் சொல்லல. கேட்டா 'லைனுக்குப் போனவரு'ன்னுவாங்களாம். அவரத் தெரிஞ்ச ஆளுங்க வேற தோட்டத்துக்குப் போயிட்டாங்க. கடைசியில பூட்டியும் போயிட்டாங்க."

"காகிதத்துல?"

"பழனியாண்டின்னு இருக்கு. அது பெரிய கங்காணி பேரு. தாத்தா குடியுரிமைக்கு எழுதிக் குடுத்தப்போ அப்பன் பேர் இல்லாம வாங்க மாட்டேன்னுட்டாங்க. கிளாக்கர் கங்காணி பேரப் போட்டுட்டாரு."

ஜெயலெட்சுமி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடியே, அப்ப இது அவராவே இருக்கலாமே! மனைவி, ஒரு ஆம்பளப் பிள்ள, எல்லாம் சரியா வருதே!"

பெற்றீசியா புத்தகத்தை மூடினாள். வாசலில் நின்ற அந்த இரண்டாவது எண்ணம் இன்னும் போகவில்லை.

மறுநாள் இருவரும் மஸ்கெலியா பஸ்ஸில் ஏறினார்கள். அங்கே பாடசாலையில் படிப்பிக்கும் சுதாகரன் மாஸ்டர்தான் நினைவுக்கல் குழுவின் செயலாளர். இரண்டு வருடமாகத் தோட்டம் தோட்டமாகப் போய், லைனில் இறந்தவர்களின் பெயர்களைக் குடும்பங்களிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதியிருந்தார். பெற்றீசியாவிடமும் கேட்டிருந்தார்.

"உங்க ஊட்டுக்கு நேரா என்னா எழுதியிருக்கேன்னு நீங்களே பாருங்க மிஸ்," என்று கொப்பியை நீட்டினார்.

'பெயர் தெரியாது.'

கொப்பியில் இருந்த பெயர்கள் நாற்பது. அதில் பதினெட்டு ஜனகனின் புத்தகத்திலும் இருந்தன. பெற்றீசியா அந்தப் பதினெட்டின் பக்கத்திலும் பென்சிலால் சிறு கோடு போட்டாள்.

"பாதிக்குப் பாதி சேருது! பிறகென்ன வேணும்?" என்றாள் ஜெயலெட்சுமி.

"கோடு போட்ட குடும்பம் எல்லாம் எங்கன்னு பாரு."

ஜெயலெட்சுமி விரலை வைத்து வாசித்தாள். "இவங்க வேதக்காரங்க. இவங்களும். இவங்க உங்க கோயில்ல பாட்டுப் பாடுறவங்க..." விரல் நின்றது. "பதினெட்டும் மாதா கோயில் குடும்பம். உடப்புசல்லாவைப் பக்கத்து ஆளுங்க, மாரியம்மன் கோயில் ஆளுங்க ஒருத்தருமே சேரலையே!"

"வேதக்காரங்க மட்டுமாங்க செத்திருப்பாங்க?" என்று கேட்ட சுதாகரன் உடனே தலையைச் சொறிந்தார். "அந்தக் காலத்துல இங்க வேதத்துல சேர்ந்தவங்களே கொஞ்சம். பாதிக் குடும்பம் பிறகுதான் சேர்ந்திச்சு."

"ஆமா மாஸ்டர். எங்க தாத்தாவும் பிறகுதான்."

திரும்பும் வழியில் மழை பிடித்தது. மாதா கோயிலுக்குள் ஒதுங்கினார்கள். பீடத்தின் ஓரத்தில் ஒரு மரப்பெட்டி இருந்தது. நவம்பர் மாதம் முழுக்க, இறந்துபோன தங்கள் ஆட்களின் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குடும்பங்கள் அதில் போடும். ஜூட்சன் அவற்றை ஒரு கொப்பியில் பிரதி எடுத்துக் கொடுப்பான். பூசையில் சாமியார் வாசிப்பார். மாதம் முடிந்ததும் சீட்டுகளை எரித்துவிடுவார்கள்.

"நானும் பதினோரு வருசமாப் போடுறேன்," என்றாள் ஜெயலெட்சுமி. "எங்க சாமி கோவிக்கவா போகுது? தாத்தா பேரை யாரோ ஒருத்தர் மைக்குல வாசிக்கிறப்போ நல்லாத்தானே இருக்கு."

பெற்றீசியா திரும்பி அவளைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

ஆபீஸில் ஜூட்சன் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான். நாற்பத்தைந்து வயது, ஒடிசலான தேகம், தனியாள். இருபத்திரண்டு வருடமாகக் கோயிலின் எழுத்து வேலை அத்தனையும் அவன்தான்.

"தம்பி, போன வருசத்து நவம்பர் கொப்பியக் கொஞ்சம் பாக்கலாமா?"

"அது பூச்சி அரிச்சிருச்சுக்கா," என்றான் ஜூட்சன். அவள் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டான். தேத்தண்ணீர் சாசரில் சிந்தியது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் நாலு பேரும் அவள் முன்னறையில் இருந்தார்கள். ஜனகன் தட்டச்சு செய்த தாளோடும் ஒரு பேனாவோடும் வந்திருந்தார். சுதாகரன் மாஸ்டர் நாற்காலி நுனியில். ஜூட்சன் கதவோரம். ஜெயலெட்சுமி தட்டில் வடையை வைத்துவிட்டு எல்லோரையும் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பின்பாதி புதுசா எழுதினது," என்றாள் பெற்றீசியா.

ஜனகன் எழுந்துவிட்டார். "மிஸ், தாளும் மையும்..."

"தாளும் பழசு, மையும் பழசு. ரெண்டும் ஒரே அலமாரியில இருந்திச்சுன்னு நீங்கதான் சொன்னீங்க. எழுதின கை இப்போ உள்ள கை. உட்காருங்க தம்பி."

அவர் உட்கார்ந்தார்.

"முதல்ல எனக்கு இடிச்சது, இது வேதக்கோயில் உபதேசியார் அடக்கம் பண்ணி எழுதின புத்தகம். அறுபத்தொரு பேர்ல ஒரு சவரிமுத்து இல்ல, ஒரு அந்தோணி இல்ல. உபதேசியார் கையால ஒரு வேதக்காரர்கூடவா அடக்கமாகல? யாரோ பேர்களப் பொறுக்கியிருக்காங்க. வேதப் பேரை எல்லாம் தள்ளிட்டு, தமிழ்ப் பேரை மட்டும் எடுத்திருக்காங்க. வேதத்துல சேர்றதுக்கு முந்தி செத்த பாட்டன் பூட்டன் மட்டும் வேணும்னு நினைச்சவங்க செய்ற வேலை அது."

"எங்கிருந்து பொறுக்கினாங்க?" என்றார் சுதாகரன்.

"நீங்கதான்னு நினைச்சேன் மாஸ்டர், கோவிக்காதீங்க. உங்க கொப்பியில நாற்பது பேர் இருக்கு. ஆனா நீங்க எழுதியிருந்தா மாரியம்மன் கோயில் குடும்பங்கள விட்டிருக்க மாட்டீங்க. பதினெட்டும் மாதா கோயில் குடும்பம். அப்ப பேர் வந்த இடம் மாதா கோயில்."

"நவம்பர் பெட்டி!" என்று கத்தினாள் ஜெயலெட்சுமி. கத்திய வேகத்திலேயே வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ! அப்ப அந்தச் சிதம்பரநாதன்..."

"உங்க தாத்தாவேதான். ஹட்டன் பஜார்ல துணி வித்து, கட்டில்ல படுத்து, வயசாகிச் செத்த மனுசன். கோயில் கொப்பியில தமிழ்ப் பேர் இருந்தா அது யாரோ ஒரு வேதக்காரரோட பூட்டன்தான்னு எழுதினவர் நினைச்சுட்டாரு. பக்கத்துக் கடை அம்மா ஒருத்தங்க வருசா வருசம் ஒரு சீட்டுப் போடுறது அவருக்குத் தெரியாது."

கீழே நிலையத்தில் ஏதோ பெட்டி கோர்த்த அதிர்வு ஜன்னல் கண்ணாடியில் வந்து போனது.

"ஒரு பேர் தற்செயலா ஒத்துப் போகலாமே மிஸ்," என்றார் ஜனகன். "இத்தனை வருசத்துல ரெண்டு சிதம்பரநாதன் இருக்கக் கூடாதா? நீங்க சொல்றது எல்லாம் ஊகம். உங்க பூட்டனே இதுல இருக்காருன்னு ஜெயலெட்சுமி அம்மா சொன்னாங்க. அதுக்கு என்ன சொல்றீங்க?"

அவள் எதிர்பார்த்த கேள்விதான். நாலு நாளாக வாசலில் நின்றதை இப்போது உள்ளே கூப்பிட வேண்டும். கூப்பிட்டுவிட்டால் அந்தக் குனிந்த முகம், பெயர் கேட்ட குரல், எல்லாம் போய்விடும்.

"அழகன்கிறது அவர் பேர் இல்ல. அது நான் வச்ச பேர்."

ஜெயலெட்சுமி நிமிர்ந்தாள்.

"எங்க அப்பா செத்த வருசம் முதல் முதலாச் சீட்டு எழுத உட்கார்ந்தேன். அப்பா பேர் எழுதினேன். தாத்தா பேர் எழுதினேன். மூணாவது வரியில கை நின்னுருச்சு. ஆபீஸ்ல முப்பது வருசம் ஊராளுக்கெல்லாம் பேர் தேடிக் குடுத்தவ நான். என் பூட்டனுக்கு ஒரு பேர் இல்ல. தாத்தா பாக்க அழகா இருப்பாரு. அவர் அப்பாவும் அப்படித்தானே இருந்திருப்பாரு? அழகன்னு எழுதினேன். பக்கத்துல 'ரயில் பாதையில் இறந்தவர்'னு போட்டேன். யார்கிட்டயும் சொல்லல. ஜெயலெட்சுமிக்கும் தெரியாது. மாஸ்டர் கேட்டப்போகூட பேர் தெரியாதுன்னுதான் சொன்னேன். நூத்திருபது வருசத்துக்கு முந்தி எந்த உபதேசியாரும் அந்தப் பேரை எழுதியிருக்க முடியாது. என் சீட்டை வாசிச்ச ஆள் எழுதியிருக்கலாம். வாசிச்சது ஒரே ஆள்."

எல்லோரும் கதவோரம் பார்த்தார்கள். ஜூட்சன் தரையில் உட்கார்ந்திருந்தான். எப்போது உட்கார்ந்தான் என்று யாரும் கவனிக்கவில்லை.

"இருபத்திரண்டு வருசமா நான்தான்க்கா அந்தப் பேருங்கள எழுதுறேன்," என்றான். "எழுதி எழுதி எனக்கு அவங்க எல்லாம் பழக்கமாயிட்டாங்க. சார் தவக்காலத்துல மண்டபத்துல பேச வந்தாரே, அன்னைக்குச் சொன்னாரு, தாள்ல இல்லாத சாவை வரலாறு எடுத்துக்காதுன்னு. அலமாரியில தாள் சும்மா கிடந்திச்சு. நான் ஒரு பேரையும் புதுசாக் கண்டுபிடிக்கலக்கா. இருந்த பேருக்குத் தேதியும் மைலும் மட்டும்தான் போட்டேன்."

ஜனகன் தலையைக் கையில் தாங்கினார். அவன் சொன்னது தன்னுடைய வாக்கியம்தான் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

பெற்றீசியாவுக்குக் கோபம் வரவில்லை. அந்தக் குறிப்பில் இருந்த இருபத்துநாலு வயதை, மனைவியை, ஆண்பிள்ளையை இவன் எத்தனை கவனமாக எழுதியிருக்கிறான் என்று நினைத்தாள். அவளுடைய பூட்டனுக்காக இன்னொருவரும் ஓர் இரவு ஏங்கியிருக்கிறார். அது போதாது, ஆனால் அதுவரை அதுகூட இல்லை.

சுதாகரன் மாஸ்டர் ஜூட்சனைக் கைகொடுத்து எழுப்பி, படியிறங்கக் கூட்டிப் போனார். ஜெயலெட்சுமி குசினிக்குள் போய்க் கண்ணைத் துடைத்தாள். ஜனகன் மட்டும் போகவில்லை.

"மிஸ்." குரல் தாழ்ந்திருந்தது. "கம்பெனி சொன்ன நாலு சாவுக் கணக்கும் பொய்தானே?"

"பொய்யாத்தான் இருக்கணும்."

"நாளைக்கு நான் வெறும் கையோட போனா கல்லுல அவங்க வாக்கியம்தான் ஏறும். இன்னும் நூறு வருசத்துக்கு அதுதான் நிக்கும். நானும் லயத்துப் பிள்ளைதான் மிஸ், எங்க அம்மா கொழுந்து பறிச்சுத்தான் என்னைப் படிக்க வச்சாங்க." தட்டச்சுத் தாளைத் திருப்பி, வெறும் பக்கத்தை அவள் முன்னே வைத்தார். "மூலப் பதிவுன்னு எழுத வேணாம். தாளும் மையும் பழசுன்னு மட்டும் எழுதுங்க. அது உண்மைதானே? நம்ம அஞ்சு பேரத் தவிர யாருக்கும் தெரியாது. உங்க பூட்டன் இருக்காரு அதுல. ஆறாம் மைல்ல அவர் பேர் கல்லுல வரும்."

அவர் மூடியைக் கழற்றிப் பேனாவை நீட்டினார். பெற்றீசியா வாங்கிக்கொண்டாள்.

கல் அவள் கண்ணுக்குத் தெரிந்தது. மழையில் நனைந்த கல். அதில் அவள் விரலால் தொட்டுப் பார்க்கக் கூடிய நாலு எழுத்து. அதன் முன்னால் ஒரு பூவை வைத்துவிட்டு நிற்கலாம். அங்கே வந்து நிற்கிற எல்லோரும் அவள் வைத்த பெயரால் அவரைக் கூப்பிடுவார்கள். அவர் ஒருவர்தான் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்க மாட்டார்.

தாளைத் தொடாமல் அவள் பேனாவை மூடினாள்.

"மாஸ்டரோட நாற்பது பேர் கொப்பியக் கொண்டு போங்க தம்பி. வாய்ச் சொல்லுதான்னு சொல்லியே குடுங்க. பேர் தெரியாதுன்னு இருக்கிற வரியையும் அப்படியே வாசிங்க."

"அத எடுத்துக்க மாட்டாங்க மிஸ்."

"மாட்டாங்கதான்."

"அப்ப ஒரு வரி எழுதுங்க. ஒரே ஒரு வரி."

அவள் பேனாவை அவர் சட்டைப் பையில் தானே செருகிவிட்டாள்.

"டீ ஊத்துறேன், குடிச்சிட்டுப் போங்க. கையெழுத்து மட்டும் என்கிட்ட கேக்காதீங்க."